முனிர்காவிலிருந்து நந்தம்பாக்கத்துக்கு

2016 செப்டம்பர் 23 முதல் மூன்று நாட்கள், தில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பைக்கான் இந்தியா நடந்தது. பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதுகிறவர்களும் அந்த மொழியையே வளர்த்தெடுக்கிறவர்களும் ஆண்டுக்கொருமுறை கூடும் மாநாடு அது. 2009இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் முதல்முறை கூடியது. 2011இல் ஒருமுறை புனேவுக்குப் போய்வந்ததைத் தவிர பெங்களூரை விட்டு நகரவே இல்லை. எட்டாவது ஆண்டில்தான் தலைநகருக்கு வந்தது. வளாகத்தின் வடக்கு வாயிலைத் தாண்டினால் முனிர்கா.

முனிர்கா, தில்லி நகரம் சுற்றிவளைத்துக்கொண்ட பழைய ஜாட் கிராமங்களில் ஒன்று. டோக்கஸ் குலத்தார் ஊர். அவர்கள் உழுது பயிரிட்ட வயல்களில் ஒரு பகுதி இன்று பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கிறது. வயல் போனாலும் ஊர் போகவில்லை. வருவாய்த்துறை வரைபடத்தில் சிவப்பு மையால் சுற்றப்பட்ட 'லால் டோரா' எல்லைக்குள் மாநகரின் கட்டட விதிகள் நெடுங்காலம் நுழையாததால், முற்றம் வைத்த வீடுகள் இருந்த இடத்தில் நான்கைந்து மாடி வாடகை அறைகள் நெருக்கியடித்து எழுந்தன. இந்த அறைகளில் வடகிழக்கு மாணவர்கள், ஐஐடி ஆய்வாளர்கள், தெற்கிலிருந்து வேலை தேடி வந்தவர்கள் என்று தலைமுறை தலைமுறையாக ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். பக்கத்து ராமகிருஷ்ணாபுரத்தில் மத்திய அரசு ஊழியர்களாகக் குடியேறிய தமிழர்கள் கட்டிய சுவாமிநாத சுவாமி கோயில் 1973இல் குடமுழுக்குக் கண்டது. அதை 'மலை மந்திர்' என்றால் தில்லி ஆட்டோக்காரர் எவருக்கும் தெரியும்.

புதிய நகரத்துக்குள் பழைய ஊர் தன் விதிகளோடு அப்படியே நிலைத்திருப்பது முனிர்காவுக்குப் பழக்கமான நிலைமை. வளாகத்தின் மாநாட்டு அரங்கில் கூடியவர்களின் நிரல்மொழியும் அந்த ஆண்டு அதே நிலைமையில்தான் இருந்தது.

பைத்தான் அப்போது இரண்டு. நெதர்லாந்துக்காரரான கைடோ வான் ராசம் 1991இல் வெளியிட்ட மொழியின் இரண்டாம் பதிப்பு 2000இல் வந்தது. மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பர் 3ஆம் தேதி வெளியானது. பதிப்பு எண் ஒன்று கூடியதுதானே என்று பார்த்தால், விஷயம் அவ்வளவு எளிதல்ல. பழைய பதிப்பில் எழுதிய நிரல் புதியதில் ஓடாது. ஓடாது என்று தெரிந்தே, வேண்டுமென்றே, அப்படிச் செய்தார்கள். பழையதில் ஏழை இரண்டால் வகுத்தால் மூன்று, புதியதில் மூன்றரை. பழையதில் 'பிரிண்ட்' என்று மொட்டையாக எழுதினால் போதும், புதியதில் அதற்கு அடைப்புக்குறி போட வேண்டும். இவையெல்லாம் ஒரு மாலைப்பொழுதில் பழகிவிடக்கூடியவை. உண்மையான முறிவு வேறு இடத்தில் இருந்தது. எழுத்து என்றால் என்ன என்ற கேள்விக்கு இரண்டு பதிப்புகளும் இரண்டு விடை சொல்லின.

இங்கேதான் தமிழ் வருகிறது.

கணினி எழுத்தை எண்ணாகத்தான் சேமிக்கிறது. அமெரிக்கர்கள் 1963இல் வகுத்த ஆஸ்கி முறையில் மொத்தம் 128 இடங்கள். ஆங்கில எழுத்து, எண், நிறுத்தற்குறி எல்லாம் அதற்குள் அடங்கிவிடும், ஓர் எழுத்துக்கு ஒரு பைட். தமிழுக்கு அதில் இடமில்லை. 1980களிலும் 90களிலும் ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியாக்கம் என்று தமிழ்க் கணிமை சிதறிக்கிடந்ததை அந்தக் காலத்தில் மின்னஞ்சல் அனுப்பியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒருவர் அனுப்பிய கடிதம் இன்னொருவர் திரையில் கேள்விக்குறிகளாகத்தான் போய்ச் சேரும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு டாம், டாப் குறியாக்கங்களையும் ஒரு பொது விசைப்பலகையையும் தந்தது. இணையத்தில் திஸ்கி என்ற இன்னொரு குறியாக்கம் ஓடியது. உலகின் எழுத்துகள் அனைத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடு 1991லேயே தமிழுக்கு ஒரு கட்டம் ஒதுக்கியிருந்தாலும், தமிழர்கள் அதற்குள் குடியேறி முடிக்கப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன.

யூனிகோடில் தந்த எண்ணைக் கோப்பில் எழுதும் பரவலான முறை யுடிஎஃப்-8. அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224. தமிழுக்கு மட்டுமல்ல, தேவநாகரி, வங்காளம், தெலுங்கு, மலையாளம், சிங்களம் எல்லாவற்றுக்கும் அதே 224தான். இந்தியாவில் பைத்தான் எழுதிய ஒரு தலைமுறை இந்த எண்ணை நன்றாக அறியும், ஆனால் பதினாறடிமான வடிவத்தில். அவர்களை ஓயாமல் துரத்திய பிழைச்செய்தி இந்த பைட்டைப் பற்றியதுதான்: ஆஸ்கியால் இதைப் படிக்க முடியவில்லை, எண் 128க்குள் இல்லை.

அந்தப் பிழையின் கொடுமை அது வரும் நேரத்தில் இருந்தது. இரண்டாம் பைத்தானில் சாதாரணச் சரம் என்பது வெறும் பைட்டுகளின் வரிசை. யூனிகோடுச் சரம் என்று தனியாக ஒரு வகையும் உண்டு, அதற்கு முன்னால் 'யு' என்று போட வேண்டும். இரண்டையும் ஒட்டினால் மொழி தானாகவே ஆஸ்கி வழியாக மாற்றிப் பார்க்கும். உள்ளே ஆங்கிலம் இருக்கும்வரை மாற்றம் சத்தமில்லாமல் நடந்துவிடும். ஆகவே ஆங்கிலப் பெயர்களை வைத்துச் சோதித்த நிரல் பழுதில்லாமல் ஓடும், ஊரெல்லாம் பயன்பாட்டுக்கும் போகும். பயனர் ஒருவர் தன் பெயரைத் தமிழில் உள்ளிட்ட கணத்தில் விழுந்து நொறுங்கும். நிரலை எழுதியவர் ஆங்கிலம் மட்டுமே அறிந்தவரானால், பிழையே இல்லாத நிரலில் அந்தப் பயனர்தான் ஏதோ கோளாறு செய்துவிட்டார் என்று நினைப்பார்.

'தமிழ்' என்ற சொல்லின் நீளம் எவ்வளவு என்று இரண்டாம் பைத்தானைக் கேட்டால் 15 என்றது. முதல் எழுத்தைக் கொடு என்றால் தகரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்தது. திரையில் அது ஒரு கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ தெரியும். சொல்லைத் தலைகீழாக்கச் சொன்னால் பைட்டுகள் குழம்பி எந்த மொழியிலும் சேராத குப்பை வரும். இத்தனைக்கும் பைத்தான்தான் அன்று எளிதில் கற்கத்தக்க மொழி என்று பெயர் எடுத்திருந்தது.

மூன்றாம் பைத்தானில் சரம் என்றாலே யூனிகோடு. பைட் வேறு வகை, எழுத்து வேறு வகை. இரண்டையும் மொழி தானாகக் கலக்காது, கலக்க முயன்றால் உடனே, ஆங்கிலமாக இருந்தாலும், மறுத்துவிடும். 'தமிழ்' சொல்லின் நீளம் 15இலிருந்து 5 ஆனது. மாறிகளுக்கே தமிழில் பெயர் வைக்கலாம் என்றும் வந்தது. ஜெர்மானியரான மார்ட்டின் வான் லோவிஸ் 2007இல் எழுதிய முன்மொழிவு அதற்கு வழிசெய்தது. மதிப்பெண், வயது, தொகை என்று எழுதிய நிரல் அப்படியே ஓடும்.

மேற்கில் இந்த மாற்றத்தைப் பற்றி எழுந்த முணுமுணுப்பு ஏராளம். ஓடிக்கொண்டிருந்ததை ஏன் உடைத்தார்கள் என்று கேட்டார்கள். பிணையத்திலும் கோப்பு முறையிலும் பைட்டோடு பைட்டாக வேலை செய்கிறவர்களுக்கு உண்மையிலேயே சிரமம்தான். நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மெர்குரியல் போன்ற திட்டம் மூன்றாம் பைத்தானுக்கு வந்து சேர 2019 இறுதி ஆயிற்று. அவர்களின் உழைப்பைச் சிறுமைப்படுத்த முடியாது. ஆனால் எது உடைந்தது என்பது நிற்கும் இடத்தைப் பொறுத்தது. 128 இடங்களுக்குள் பெயர் அடங்கியவர்களுக்கு ஓடிக்கொண்டிருந்த வண்டி அது. 224இல் பெயர் தொடங்குகிறவர்களுக்கு அது முதலிலிருந்தே ஓடவில்லை.

அந்தச் சீர்திருத்தத்தில் தமிழ்க் கையும் பட்டிருக்கிறது. புதிய பதிப்புக்காக நிலையான நிரலகத்தை ஒழுங்குபடுத்தியபோது, இணைய முகவரிகளைக் கையாளப் பழைய பைத்தானில் தனித்தனியே கிடந்த யுஆர்எல்லிப், யுஆர்எல்லிப்2, யுஆர்எல்பார்ஸ் ஆகியவற்றை ஒரே கூரைக்குள் கொண்டுவர முடிவாயிற்று. செந்தில் குமரன் என்ற இளைஞர் கூகுளின் கோடைக்கால மாணவர் திட்டத்தில் இந்தப் பகுதியில்தான் வேலை செய்தார். பிறகு பைத்தானின் மைய உருவாக்குநர்களில் ஒருவரானார். இன்று உலகில் எங்கோ ஒருவர் மூன்றாம் பைத்தானில் ஓர் இணைய முகவரியைத் துண்டு துண்டாகப் பிரிக்கிறார் என்றால் அவர் நடக்கும் பாதையில் செந்திலின் உழைப்பும் உண்டு.

புதிய மொழி 2008இல் வந்துவிட்டது. 2016இல், தில்லி மாநாட்டின்போதும், பழையது ஏன் உயிரோடிருந்தது?

ஒரு நிறுவனம் என்றால் மேலாளர் சுற்றறிக்கை விடுவார், அடுத்த மாதம் முதல் எல்லாரும் புதியதில் எழுதுவார்கள். திறமூல உலகில் அப்படி உத்தரவிட ஆளில்லை. ஒவ்வொரு நிரலகமும் ஒருவரோ நால்வரோ ஓய்வு நேரத்தில் பராமரிப்பது. ஒன்று இன்னொன்றின்மேல் நிற்கும், அது மற்றொன்றின்மேல். அடியில் இருப்பது மாறாமல் மேலே இருப்பது மாற முடியாது. மேலே இருப்பவர்கள் எவரும் கேட்கவில்லையே என்று அடியில் இருப்பவர் மாறவில்லை. 2011இல் ஒருவர் புகழ்பெற்ற நிரலகங்களைப் பட்டியலிட்டு, மாறியவற்றுக்குப் பச்சையும் மாறாதவற்றுக்குச் சிவப்பும் பூசி, 'வெட்கச் சுவர்' என்று பெயரிட்டார். அன்று சுவரில் பெரும்பகுதி சிவப்பு. பச்சை கூடக் கூடப் பெயரையும் மாற்றி 'வல்லமைச் சுவர்' என்றார்கள்.

பாலம் போட்டவர்களைத்தான் இந்த வரலாற்றில் முதலில் நினைக்க வேண்டும். பழைய நிரலைப் புதியதாக மாற்றித் தரும் கருவி தொடக்கத்திலேயே இருந்தது. ஆனால் ஒரேயடியாக மாற்றிவிட்டால் பழைய பயனர்களைக் கைவிட வேண்டியிருக்கும் என்று பலர் தயங்கினார்கள். ஒரே நிரல் இரண்டு பதிப்பிலும் ஓடுவதே நடைமுறைக்கு ஒத்த வழி என்று தெரிந்துகொள்ளச் சில ஆண்டுகள் ஆயின. பெஞ்சமின் பீட்டர்சன் எழுதிய ஒரு சின்ன நிரலகம் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடுகளை மறைத்துக் கொடுத்தது. அதன் பெயர் 'சிக்ஸ்', இரண்டு பெருக்கல் மூன்று. 2012இல் வெளியான 3.3 பதிப்பில், நீக்கியிருந்த 'யு' முன்னொட்டை மறுபடி அனுமதித்தார்கள். புதிய மொழியில் அதற்கு எந்தப் பயனும் இல்லை. பழைய நிரலில் அது ஆயிரக்கணக்கான இடங்களில் இருக்கிறது, எழுதியவர்கள் ஒவ்வொன்றாக அழிக்க வேண்டாம் என்ற கரிசனம் மட்டுமே காரணம். அறிவியல் கணக்கீட்டுக்கான நம்பை நிரலகம் 2010லேயே மூன்றாம் பைத்தானுக்கு வந்திருந்தது. வலைத்தளங்கள் கட்டும் ஜாங்கோ 2013இல் வந்தது. இரண்டாம் பைத்தானை 2015இல் நிறுத்துவதாக இருந்த திட்டத்தை, 2014இல் 2020க்குத் தள்ளிவைத்தார்கள்.

ஆகவே முனிர்காவுக்கு எதிரே கூடியவர்கள் நிறுத்தத் தேதி தெரிந்த, ஆனால் இன்னும் மூன்றேகால் ஆண்டு மிச்சமிருந்த காலத்தில் கூடினார்கள். அந்த ஆகஸ்டில் வெளியான ஜாங்கோ இரண்டு பைத்தானிலும் ஓடியது. பல லினக்ஸ் கணினிகளில் வெறுமனே 'பைத்தான்' என்று தட்டினால் இன்னமும் பழையதே எழுந்து வந்தது. சிவப்புக் கோட்டுக்குள் பழைய ஊர்.

தில்லிக்கு இந்தக் கூட்டம் வந்ததற்கு முன்னால் ஏறத்தாழ இருபது ஆண்டு உழைப்பு உண்டு. தமிழ்நாட்டுப் பக்கம், 1998 வாக்கில் தொடங்கிய சென்னை லினக்ஸ் பயனர் குழு மாதந்தோறும் அங்குள்ள ஐஐடியில் கூடியது. அதே ஐஐடியில் ஆய்வு மாணவராக இருந்த பிரபு ராமச்சந்திரன், அறிவியல் தரவுகளை முப்பரிமாணப் படமாக்கும் மாயாவி என்ற மென்பொருளை 2001 வாக்கில் பைத்தானில் எழுதி உலகுக்குத் திறந்துவிட்டார். உதகையில் வாழ்ந்த கென்னத் கோன்சால்வஸ், இந்திய பைத்தான் மென்பொருள் சங்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர். புதிதாக வந்தவர்களுக்குக் கேள்வி கேட்கவும் விடை சொல்லவும் சொல்லிக்கொடுத்த மூத்தவர். 2012 ஆகஸ்டில் அவர் மறைந்தபின் சங்கம் அவர் பெயரில் ஒரு விருது ஏற்படுத்தியது. பைக்கான் இந்தியா மேடையில் அதை ஆண்டுதோறும் வழங்குகிறார்கள்.

பள்ளிக்கூடங்களின் கதை தனி. இந்திய மாணவர்களின் ஒரு பெரும் தலைமுறை நிரல் கற்றது டர்போ சி++ என்ற நீலத் திரையில். போர்லாண்ட் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் டாஸ் இயங்குதளத்துக்கு வெளியிட்ட மென்பொருள் அது. சி++ மொழிக்கு 1998இல் உலகத்தரம் வகுப்பதற்கு முன்னாலேயே பிறந்தது. இருபது ஆண்டு கழிந்தும் கணினி ஆய்வகங்கள் அதை விடவில்லை. அந்தத் திரையில் தமிழில் ஒரு வரி அச்சிட முடியுமா என்ற கேள்விக்கே இடமில்லை. தில்லியில் தலைமையகம் கொண்ட மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2013-14 கல்வியாண்டில் பதினோராம் வகுப்பில் சி++க்கு மாற்றாக பைத்தானையும் எடுக்கலாம் என்றது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளும் அந்த வாரியத்தைச் சேர்ந்தவைதாம். சில ஆண்டுகளில் விருப்பப் பாடம் பொதுப் பாடமாகி, சி++ வெளியேறியது. தமிழ்நாட்டிலும் ஸ்டார் ஆபீசும் சி++உம் இருந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூல் 2019இல் மாறியது. புதிய நூல் மூன்றாம் பைத்தானைக் கற்பிக்கிறது, தமிழ்வழியிலும். கிராமத்து அரசுப் பள்ளி மாணவி முதல் நிரலில் தன் பெயரைத் தமிழில் அச்சிட்டால் திரையில் தமிழே வரும். இதை மாற்றத்தின் மிகப் பெரிய பயனாகச் சொல்லத் தோன்றுகிறது. ஏனென்றால் கல்லூரி எட்டும்வரை பொறுத்திருந்து ஆங்கிலத்தில் பழகிக்கொள்ளும் வசதி எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

தமிழை முன்னிறுத்தி பைத்தானில் உழைத்தவர்களும் இருந்தார்கள். அமெரிக்காவில் வாழும் முத்து அண்ணாமலை 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியை பைத்தானில் உருவாக்கி, 2009இல் அதைப் பற்றிய ஆய்வுரையை வெளியிட்டார். அதில் அச்சிட 'பதிப்பி', திருப்பித் தர 'பின்கொடு'. நிபந்தனையை முன்னால் சொல்லி, 'ஆனால்' என்று பின்னால் முடிக்க வேண்டும். ஆங்கில மொழிகளில் முதலில் வரும் சொல் தமிழ் வாக்கியத்தில் கடைசியில் வருவதுபோலவே எழிலிலும் வருகிறது. அந்த முயற்சியிலிருந்து பிறந்த 'ஓப்பன் தமிழ்' நிரலகம், தமிழ் உரையை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் வேலையைச் செய்கிறது. மற்றவர்களைப் போலவே அதை எழுதியவர்களும் பல ஆண்டுகள் இரண்டு பைத்தானிலும் ஓடும்படி பராமரித்தார்கள். சென்னையைச் சுற்றி, 2012இல் தொடங்கிய கணியம் இதழும் காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவும் தமிழில் நிரல் கற்பிக்க முன்வந்தன. கணியத்தின் த. சீனிவாசன் பைத்தானில் எழுதிய கருவி, விக்கிமூலத்தில் படங்களாகக் கிடந்த தமிழ் நூல்களைத் தேடத்தக்க எழுத்தாக மாற்றப் பயன்பட்டது.

தில்லி மாநாட்டுக்கு மூன்று ஆண்டு கழித்து, 2019 அக்டோபரில், பைக்கான் இந்தியா முதன்முறையாகச் சென்னைக்கு வந்தது. இடம் நந்தம்பாக்கம் வர்த்தக மையம். இடைப்பட்ட காலத்தில் முனிர்காவுக்கு மெட்ரோ வந்துவிட்டது. 2017 டிசம்பரில் ஜாங்கோ பழைய பைத்தானைக் கைவிட்டது, 2019இல் நம்பையும். நந்தம்பாக்கத்தில் கூடியவர்களுக்கு மிச்சமிருந்தது மூன்று மாதத்துக்கும் குறைவு. 2020 சனவரி 1ஆம் தேதி இரண்டாம் பைத்தானுக்கான ஆதரவு முடிந்தது. கடைசிப் பதிப்பான 2.7.18 ஏப்ரல் 20ஆம் தேதி வெளியானபோது உலகமே ஊரடங்கில் இருந்தது.

ஒரு வேலை இன்னும் பாக்கி. 'தமிழ்' என்பதன் நீளம் 15 அல்ல, 5 என்று மூன்றாம் பைத்தான் சொல்கிறது. முதல் வகுப்புக் குழந்தையைக் கேட்டால் மூன்று என்று சொல்லும்: த, மி, ழ். யூனிகோடு இகரக் கொக்கியையும் புள்ளியையும் தனிக் குறியீடுகளாக எண்ணுவதால் வந்த வேறுபாடு இது. தொல்காப்பியர் புள்ளியை மெய்யின் இயல்பாகவே கொண்டார். யூனிகோடோ அகரமேறிய உயிர்மெய்யை அடிப்படையாக வைத்து, அதன்மேல் புள்ளியை ஒட்டவைக்கிறது. மூன்றாம் பைத்தானிடம் 'தமிழ்' மாறியின் பெயராகலாமா என்று கேட்டால் ஆகலாம் என்கிறது. அதே சொல் முழுக்க எழுத்துகளால் ஆனதா என்று கேட்டால் இல்லை என்கிறது, கொக்கியும் புள்ளியும் அதன் கணக்கில் எழுத்துகள் அல்ல. உரையைச் சொல்சொல்லாகப் பிரிக்கச் சொன்னால், வழக்கமான கட்டளை அதை 'தம' என்றும் 'ழ' என்றும் உடைத்துப் போடுகிறது. 2011லேயே இதைச் சுட்டிக்காட்டி ஒரு முறையீடு பைத்தான் உருவாக்குநர்களிடம் பதிவானது. அது தீரும்வரைக்கும் என்று, தமிழ் உரையைக் கையாள்கிறவர்கள் ஓப்பன் தமிழின் ஒரு வரியை நிரலின் தலையில் சேர்த்துக்கொள்கிறார்கள். அது மூன்று என்று எண்ணுகிறது.